கடையில வாங்கினதா?

குன்னூரில் தோழி ஒருத்தியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. சோறும் சாம்பாரும் ரசமும் அவள் வைத்தவை. பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், முட்டைக்கோஸ் கூட்டு மூன்றும் பஜாரில் ஒரு மெஸ்ஸில் வாங்கியவை. விருந்தினர் வருவதற்குள் அவற்றைத் தன் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மாற்றி, மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். பார்சல் கவர்களைக் குப்பைக்கூடையின் அடியில் திணித்தாள். அப்படியும் சாப்பிட உட்கார்ந்த பெரியம்மா ஒருவர் கேட்டுவிட்டார்: “ஏம்மா, பொரியல் கடையில வாங்கினதா?” தோழியின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பெரியம்மா வாங்கி வந்திருந்த ஊட்டி வர்க்கி மேசைமேல் இருந்தது. அதை யார் சுட்டது என்று எவரும் கேட்கவில்லை.

ஆக, கடைப்பொருள் என்பதே இழுக்கு அல்ல. வர்க்கி பேக்கரி அடுப்பில் வேகும் பண்டம்; 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. உறவினர் வீட்டுக்குப் போகும்போது அதை வாங்கிப்போவது மரியாதை. அப்பளமும் ஊறுகாயும் கடையில் வாங்கியவை என்றால் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. பொரியலும் கூட்டும் மட்டும் ஏன் விசாரணைக்கு உள்ளாகின்றன? அவை அந்த வீட்டுப் பெண் அன்றன்று தன் கையால் செய்தாக வேண்டியவை என்று வகுத்து வைத்திருக்கிறோம். பெரியம்மா கேட்டது ருசியைப் பற்றி அல்ல. தோழியின் நேரத்தைப் பற்றி.

இந்தக் கணக்கு பழையது. வகுப்பில் ரசித்து நடத்தும் மூன்று காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகை 167இல் இளம் மனைவி தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. நற்றிணை 120இல் தலைவி ஊடலோடு அடுக்களையில் நிற்கிறாள். கண்ணில் புகை, நெற்றியில் வியர்வை. விருந்தினர் யாராவது வந்தால் தேவலை, அவள் கோபத்தை விட்டுச் சிரிப்பாள் என்று தலைவன் ஆசைப்படுகிறான். சிலப்பதிகாரத்தில், மாதரி வீட்டார் தந்த அரிசியையும் காய்களையும் கண்ணகி சமைக்கிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது.

மூன்று காட்சியிலும் அன்புக்குச் சான்று பெண்ணின் உடம்பில்தான் பதிகிறது. இதை அழகு என்றே பாடம் நடத்தியிருக்கிறோம், நானும்தான். நற்றிணைத் தலைவியின் கோபம் எங்கே போயிற்று என்று ஒரு மாணவி கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. விருந்து வந்தால் அந்தக் கோபம் தீராது, அடங்கிப்போகும். வாங்கிய பொரியல் நமக்கு உறுத்துவதற்கும் காரணம் இதுதான்: அதைப் பரிமாறுகிறவளின் கண்ணில் புகை இல்லை.

வள்ளுவரிடம் இந்த அளவுகோல் கிடையாது. விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளில் யார் சமைத்தது என்ற பேச்சே இல்லை. வரவேற்கிறவரின் முகம் மாறக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சமைத்தவளும் அங்கே இல்லை என்பதை மறக்க வேண்டாம். விருந்தோம்பும் புகழ் வீட்டுக்காரனுக்கு. கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறும் போயிற்று என்று கண்ணகியே வருந்துகிறாள்.

இந்த மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. துணி துவைப்பதும் அன்றுதான், லைன் வீட்டுக்கு உறவினர் வருவதும் அன்றுதான். மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் செய்கிறவர்கள் 97 நிமிடம். விருந்து நாளின் கூடுதல் நிமிடங்கள் யார் பக்கம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியம்மாவை வில்லியாக்க எனக்கு மனமில்லை. விறகடுப்பில் ஆண்டுக்கணக்காக வெந்தவர் அவர். தான் பட்ட பாட்டை இன்னொருத்தி முந்நூறு ரூபாயில் முடித்துவிட்டால் தன் பாட்டுக்கு என்ன மதிப்பு என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் துயரம். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை நாமும் பட்டுக் காட்டுவது பதிலாகாது.

‘வாங்கிக்கொள், விடுதலை’ என்று முடித்துவிடவும் முடியாது. அந்தப் பீன்ஸை எங்கோ ஒருவர் நறுக்கியிருக்கிறார். பெரும்பாலும் அதுவும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள், லிஜ்ஜத் பிறந்தது. வீட்டில் கணக்கில் வராத கைவேலைக்கு அங்கே கூலி உண்டு, அதைச் செய்கிறவர்களுக்கு உரிமையில் பங்கும் உண்டு. எல்லா மெஸ் அடுக்களைக்கும் இப்படிச் சொல்ல முடியுமா?

தோழி கவர்களை ஒளித்தபோது தன் களைப்பை மட்டும் ஒளிக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் கைகளையும் சேர்த்தே ஒளித்தாள். கவர் மேசைமேலேயே இருக்கட்டும். கடையில் வாங்கினதா என்று கேட்டால், ஆமாம் பெரியம்மா என்று சொல்வோம். பிறகு, அதைச் சமைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று சேர்ந்தே விசாரிப்போம். அந்தக் கேள்வி இலையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களின் காதிலும் விழட்டும்.