மாவிட்டபுரத்து வாசலில் ஒரு கிரேக்கக் கேள்வி

பிளேட்டோவின் 'யூதிப்ரோ' உரையாடலுக்குள் நெஞ்சை அறுக்கும் ஒரு மரணம் இருக்கிறது. நக்சோஸ் தீவில் ஒரு கூலியாள் குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிடுகிறான். பண்ணைக்காரர் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, இனிச் செய்ய வேண்டிய முறை என்னவென்று சமயவிதி அறிந்தோரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆளனுப்புகிறார். பதில் வருமுன் பசியிலும் குளிரிலும் அவன் இறந்துபோகிறான். அதற்காகத் தந்தைமீதே வழக்குத் தொடுக்கிறான் அந்தப் பண்ணைக்காரரின் மகன் யூதிப்ரோ. அவனிடம் சோக்கிரட்டீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புண்ணியமாகிறதா, புண்ணியம் என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா?

யாழ்ப்பாணச் சைவத்திடமும் இதைக் கேட்டே ஆகவேண்டும்.

இங்கே ஒழுக்கமும் சமயமும் ஒரே பாடமாக வந்தவை. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கொல்லாமை, கள்ளுண்ணாமை, வாய்மை எல்லாம் சிவபக்தியோடு சேர்த்தே பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டன. இதன் பலம் பெரிது. கிரேக்கத்தில் அறவிசாரணை பெரும்பாலும் ஓய்வுள்ளவர்களின் கையில் இருந்தது. இங்கே அது பள்ளிப் பிள்ளையின் பாடப்புத்தகத்துக்கு வந்தது. கோயில்களில் நடந்த உயிர்ப்பலியை நாவலர் கண்டித்தார். நல்லூர்க் கோயில் நடைமுறைகளையே ஆகமத்தை அளவாக வைத்துத் தட்டிக்கேட்டார். 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததும் அதே பக்திதான்.

ஆனால் அந்தப் பாடத்திலேயே சாதி ஆசாரமும் இருந்தது. கருணைக்கும் தீட்டுக்கும் ஒரே தெய்வத்தின் பெயரால் ஒரே மதிப்பு கொடுக்கப்பட்டது. நாவலர் வசனமாக்கித் தந்த பெரியபுராணத்தில், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட அடியவர் திருநாளைப்போவார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுக்குள் போகிறார். இறைவனே அன்பனை அழைக்கிறான்; ஆயினும் ஊர் வகுத்த விலக்கை அவனும் நீக்கவில்லை. நல்லதையும் தீயதையும் அங்கே வகுத்தது ஊர். இறைவன் அதற்கு ஒப்புதல் தருபவனாகிறான். அந்தக் கதையைக் கண்ணீரோடு படித்த தலைமுறைகள் கோயில் கதவை மூடியே வைத்திருந்தன என்பது எனக்கு ஆறாத வேதனை.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் உள்ளே போகும் உரிமை கேட்டு நின்றார்கள். மறித்தவர்களின் முன்னணியில் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். கல்வி இந்த நோய்க்கு மருந்தாகவில்லை. நல்லூர் போன்ற பெரிய கோயில்கள் சில 1950களிலேயே திறந்துவிட்டன. நல்லூரில் வரவேற்கும் கந்தன் மாவிட்டபுரத்தில் விலக்குவானா? தெய்வங்களுக்குள் கருத்து வேறுபட்டால் எதைப் புண்ணியம் என்பது என்று யூதிப்ரோவை மடக்கிய வாதமே இது. கடைசியில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் சுந்தரலிங்கம் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். ஆகமம் தராத விடையைச் சட்டம் தந்தது.

அப்படியானால் அறத்தைச் சமயத்திலிருந்து பிரித்துவிட்டால் போதுமா? நான் அப்படி நினைக்கவில்லை. தெய்வவாக்கைத் துணைக்கு அழைக்காமல், பகுத்தறிவால் மட்டுமே அரிஸ்டோட்டில் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று வாதிட்டார். மறுபக்கம், மாவிட்டபுரத்தில் நின்ற பொதுவுடைமையாளர்களோடு கந்தனைக் கும்பிட ஏங்கிய அடியவர்களும் நின்றார்கள். முருகன் தமக்கும் உரியவன் என்ற நம்பிக்கை அவர்களுக்குச் சமயமே தந்தது. ஆசாரத்தைக் கேள்வி கேட்கும் துணிவு பக்திக்குள்ளும் உண்டு. நாவலர் அதைப் பலிபீடத்தின் முன் காட்டினார். சாதியின் முன் காட்டவில்லை.

2018இல் வரணியில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் தேரைப் பெக்கோ இயந்திரம் இழுத்தது. ஆட்கள் போதவில்லை என்றது ஒரு தரப்பு. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள் ஊரவர்கள். ஆசாரத்துக்கு மேலாக ஓர் அறம் உண்டென்று நமது சமய பாடநூல்கள் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பில் சொல்லித்தரப் போகின்றன?