பாயிரம் கேட்கும் அவை: 'எதிர்நீச்சல் தொடர்கிறது' அறிவிப்பும் அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலத்து நாடக மரபும்

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் புதிய பாகம் அறிவிக்கப்படும்போது பார்வையாளரிடம் எழும் எதிர்வினை, விளம்பரத்தின் விளைவாக மட்டுமே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. இயக்குநர் திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' அறிவிப்பை ஒட்டி எழுந்த கேள்விகளை, அருப்புக்கோட்டை – திருச்சுழிப் பகுதியில் வழங்கிவரும் ஸ்பெஷல் நாடக மரபின் துணையோடு வாசிக்கும் இக்கட்டுரை, அக்கேள்விகள் திறனாய்வுத் தன்மை உடையவை என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் தொடர், சுவைஞர், ஸ்பெஷல் நாடகம், திருச்செல்வம், வேல ராமமூர்த்தி, பாயிரம்.

1. அறிவிப்பு என்னும் பாயிரம்

சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி 7ஆம் நாள் தொடங்கிய 'எதிர்நீச்சல்', 2024 ஜூன் 8ஆம் நாள் முடிவுற்றது. மதுரையில் வாழும் ஒரு கூட்டுக்குடும்பம்; அதன் மூத்த மகன் ஆதி குணசேகரன்; அவன் சொல்லுக்கு அடங்கி, படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் அடுப்படியில் இழந்த மருமகள்கள்; இறுதியாக வந்து சேரும் இளைய மருமகள் ஜனனி. கதையின் சட்டகம் இவ்வளவே. முடிந்த வேகம் போதாது, கதைக்கு உரிய முடிவு வழங்கப்படவில்லை என்னும் மனக்குறை பரவலாக எழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23 முதல் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்னும் பெயரில் இரண்டாம் பாகம் ஒளிபரப்பானது.

இப்படியோர் அறிவிப்பில் கதை ஏறக்குறைய இல்லை. தொடரின் பெயர், ஆக்கியவர் பெயர், சில முகங்கள், ஒளிபரப்பு நேரம் ஆகியனவே உண்டு. எனினும் பார்வையாளர் அதனை ஒரு முழுப் பனுவலைப் போலவே எதிர்கொள்கின்றனர். மேலைத் திறனாய்வில் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் முன்வைத்த 'எதிர்பார்ப்பு எல்லை' என்னும் கருத்தாக்கம் இதனை விளக்க உதவும். ஆயினும் தமிழிலக்கண மரபில் இதற்கு இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது. அது பாயிரம்.

நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாகக் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயர் முதலில் நிற்கிறது. ஐந்தாவதாக வரும் யாப்பு என்பதற்கு, இந்நூல் கேட்டபின் இந்நூல் கேட்கத்தக்கது என்னும் இயைபு என உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். ஏழாவது கேட்போர். இரண்டாம் பாகம் ஒன்றின் அறிவிப்பில் இம்மூன்றுமே உயிர்நிலை. 'கோலங்கள்' (2003–2009) எடுத்தவர் என்ற அறிமுகம் ஆக்கியோன் பெயருக்குள் அடங்கும். முதற்பாகத்தில் விட்ட இடம் எது, தொட வேண்டிய இடம் எது என்ற வினா யாப்பைச் சார்ந்தது. கேட்போர் மட்டும் இங்கே வேறுபடுகின்றனர். பாயிரத்தில் பெயரளவில் சுட்டப்படும் அவர்கள், தொடரின் அறிவிப்புக்குப் பின் எழுந்து பேசத் தொடங்குகின்றனர். நூல் அரங்கேறும் முன்பே அவை கூடிவிடுகிறது எனலாம்.

2. நோட்டீசு வாசிக்கும் ஊர்கள்

அவை இவ்வாறு முன்கூட்டியே கூடுவது தொலைக்காட்சியோடு தோன்றிய வழக்கமன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும். மழை பெய்தால் மட்டும் நீரோடும் குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக் கமுதி நோக்கிச் செல்கிறது. தரிசில் சீமைக்கருவேலம். நகரில் தறி. இந்நிலத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடைபெறும் இசை நாடகங்களே 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படுபவை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) மரபில் வந்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலியன இன்றும் ஆடப்படுகின்றன.

இந்நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்டு அன்றிரவே மேடையில் சந்திக்கின்றனர். ஒத்திகை இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதே ஒத்திகைக்கு ஈடான முதல். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பையும், நாடகத்துக்காக அச்சிடப்படும் நோட்டீசுகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். நோட்டீசில் கதைச்சுருக்கம் இடம்பெற வேண்டிய தேவையில்லை. நடிப்போர் பெயரும் படமும் அவர்தம் பட்டங்களும் ஊருமே அதன் உள்ளடக்கம்.

நோட்டீசு கைக்கு வந்ததும் ஊரார் எழுப்பும் முதல் கேள்வி, கதையில் என்ன நடக்கும் என்பதன்று. இம்முறை வள்ளி யார், நாரதர் யார், இவருக்கு அவர் ஈடுகொடுப்பாரா என்பதே. முன்பொரு விழாவில் கண்ட வள்ளியோடு இப்போது வரவிருக்கும் வள்ளி ஒப்பிடப்படுகிறாள். தர்க்கத்தில் தடுமாறியவர் பெயர் மறுபடி அச்சேறியிருந்தால் விழாக்குழுவினர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆடப்படாத நாடகத்தின் மீது, ஆடப்பட்ட நாடகங்களின் நினைவை அளவுகோலாகக் கொண்டு செய்யப்படும் மதிப்பீடு இது. இதனை வம்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பல்கலைக்கழக வளாகத்தில் இதே செயலுக்கு ஒப்பியல் என்று பெயர்.

'எதிர்நீச்சல் தொடர்கிறது' அறிவிப்பை ஒட்டி எழுந்த கேள்விகளும் இவ்வார்ப்பிலேயே அமைந்தன. அதே குணசேகரனா? அதே ஜனனியா? ஈஸ்வரியும் நந்தினியும் ரேணுகாவும் மாறவில்லையே? கதை என்ன என்பது இவற்றுக்குப் பின்னரே வருகிறது. இதனைப் பார்வையாளரின் ஆழமின்மை என்று கொள்வோர், நோட்டீசு வாசிக்கும் மரபை அறியாதோரே.

3. ஒரு வேடம், இரு நடிகர்

2023 செப்டம்பர் 8ஆம் நாள், 'எதிர்நீச்சல்' தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி இயக்குநரும் நடிகருமான ஜி.மாரிமுத்து மறைந்தார். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அவர், குணசேகரன் வேடத்தால் அடைந்த புகழ் அவர் இயக்கிய திரைப்படங்கள் தந்ததினும் பன்மடங்கு பெரிது. 'இந்தாம்மா' என்னும் ஒற்றை விளி வீடுகளில் கேலிப் பொருளாகவும் மிரட்டலாகவும் ஒருசேர வழங்கலாயிற்று. சில நாட்கள் குணசேகரன் திரையில் தோன்றாமலே கதை நடந்தது. அவர் இன்றித் தொடர் உண்டா என்னும் கேள்வியே அப்போது முதன்மை பெற்றது.

அவ்விடத்துக்கு வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. 'குற்றப் பரம்பரை', 'பட்டத்து யானை' ஆகிய நாவல்களின் ஆசிரியர். இராணுவத்திலும் பின் அஞ்சல் துறையிலும் பணியாற்றியவர். 'மதயானைக் கூட்டம்' (2013), 'கிடாரி' (2016) படங்களில் நடித்தவர். அவருடைய ஊரான பெருநாழி, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் தெற்கே, கமுதி வட்டத்தில், இதே வறள்நிலத் தொடர்ச்சியில் உள்ளது. ஆகவே இப்பகுதிக்கு வேல ராமமூர்த்தியின் குணசேகரன் வெறும் மாற்று நடிகர் அல்லர். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் விழும் அழுத்தம், குரல் உயர்த்தாமலே விடுக்கும் மிரட்டல், மறுமொழிக்கு இடம்தராத நிறுத்தம் ஆகியன இந்நிலத்துப் பஞ்சாயத்துகளில் பழகியவை.

இரு நடிப்புகளும் வேறானவை. மாரிமுத்துவின் குணசேகரனிடம் கோமாளித்தனம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்தும்போது சிரிக்கவும் முடிந்தது. அச்சிரிப்பே அவ்வீட்டுப் பெண்களுக்கும் பார்க்கும் பெண்களுக்கும் மூச்சுவிடும் இடமாயிற்று. ஸ்பெஷல் நாடகச் சொல்லில் கூறினால், ராஜபார்ட்டும் பபூனும் ஓருடலில் நின்றனர். வேல ராமமூர்த்தியின் குணசேகரனிடம் பபூன் இல்லை. வன்முறை அருகில் இருக்கிறது என்னும் உணர்வை அவர் தோற்றமே தந்துவிடுகிறது. இதனால் ஆணாதிக்கத்தின் கொடுமை கூர்மை பெற்றது. அதனை எள்ளி நகையாடும் வாய்ப்போ குறைந்தது. முதலில் ஒப்புக்கொள்ளத் தயங்கியவர்கள் பழைய குணசேகரனை நினைந்து வருந்தியதைப் பாசத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வதற்கில்லை. தாம் இழந்தது எது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தனர். இரண்டாம் பாகத்தின் அறிவிப்பில் வேல ராமமூர்த்தி தொடர்கிறார் என்பது தெரிந்தபோது, ஓராண்டுக்கு முன் மறுக்கப்பட்ட முகமே இப்போது உறுதிப்பாட்டின் அடையாளமாகியிருந்தது.

4. மன்றமில்லாத சுவைஞர்

தமிழகத்தில் ரசிகரை ஆராய்ந்தோர் திரைப்பட ரசிகரையே ஆராய்ந்தனர். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட நூலும், சாரா டிக்கி மதுரை நகர ஏழை மக்களின் திரைப்பட ஈடுபாட்டை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூலும் இத்துறையின் அடிப்படைகள். அருப்புக்கோட்டைக்கு அவ்வரலாற்றில் தனியிடம் உண்டு; 1977இல் முதலமைச்சரானபோது எம்.ஜி.ஆர். இத்தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்றம், கொடி, கட்டவுட், வாக்கு என ரசிகரின் அன்பு அங்கே கண்ணுக்குத் தெரியும் வடிவங்களை எடுத்தது.

தொடரின் சுவைஞருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. திருச்செல்வத்துக்கு எந்தப் பேருந்து நிலையத்திலும் கட்டவுட் எழவில்லை. பெரும்பாலும் பெண்களாகிய இச்சுவைஞரின் எதிர்வினை, பூக்கட்டும் திண்ணையிலும் நூற்பாலைக்குச் செல்லும் வேனிலும் பேசப்பட்டு அங்கேயே கரைந்துபோகும் தன்மையது. இரவு ஒன்பதரை மணிப் பகுதியைத் தவறவிட்டவருக்கு மறுநாள் அதனைச் சொல்பவர், சொல்லும்போதே நீட்டியும் குறைத்தும் தீர்ப்பும் வழங்கிவிடுகிறார். ஆவணம் விட்டுச் செல்லாத இத்திறனாய்வை ஆய்வுலகம் பொருட்படுத்தாமைக்கு, அதனைச் செய்வோர் யார் என்பதும் ஒரு காரணம் என்று ஐயுற இடமிருக்கிறது.

இச்சுவைஞர் ஆக்கியோனோடு கொள்ளும் உறவும் வேறானது. 'கோலங்கள்' தொடரில் அபிக்குத் துணைநிற்கும் தோழர் தொல்காப்பியனாகவும், 'எதிர்நீச்சல்' தொடரில் ஜீவானந்தமாகவும் திருச்செல்வமே தோன்றினார். ஆக்கியோனே கதைக்குள் வந்து பெண்களின் பக்கம் நிற்பதால், அவரிடம் வழக்குரைக்கும் உரிமை பார்வையாளருக்குத் தானே கிடைத்துவிடுகிறது. இவ்வளவு பேசுகிறவர், அந்தப் பெண்களை ஏன் இன்னும் அவ்வீட்டில் வைத்திருக்கிறார் என்னும் கேள்வி இதனின்றும் பிறப்பது. இக்கேள்வியில் இன்னொரு குறையும் அடங்கியுள்ளது. பெண்களின் விடுதலையைப் பேசும் கதையில் நெருக்கடி முற்றும்போதெல்லாம் ஓர் ஆணின் வருகை தேவைப்படுகிறது. அவ்வாணின் முகம் படைப்பாளியின் முகமாகவும் இருக்கிறது. திருச்செல்வத்தின் தொடர்கள் பிற தொடர்களினும் மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விடத்தில் அவை பழைய தடத்தையே நாடுகின்றன.

5. தர்க்கம் யாருடையது

'தொடர்கிறது' என்னும் சொல் அறிவிப்பில் மகிழ்ச்சிச் செய்தியாக ஒலித்தது. ஆனால் இத்தகைய கதையில் அது அச்சத்துக்கும் உரியது. குணசேகரன் முற்றாகத் தோற்றால் தொடர் முடிந்துவிடும். தொடர் தொடர வேண்டுமாயின் அவன் வீழ்ந்தும் எழ வேண்டும். நெடுந்தொடரின் வணிகமும் அதன் அறமும் இங்கே நேர்க்குநேர் மோதுகின்றன. மகிழ்ச்சி தெரிவித்தோரே இம்முறையாவது அப்பெண்கள் வெல்வார்களா என்று கேட்டது முரண் அன்று. கதை நீள வேண்டும் என்பதும் அடிமைத்தனம் முடிய வேண்டும் என்பதும் ஒருவரிடமே ஒருங்கே இருக்கக்கூடிய விருப்பங்கள். அவற்றின் பொருந்தாமையைத் தீர்ப்பது படைப்பாளியின் கடன்.

இவ்விடத்தில் நடிகர் மாற்றம் பற்றிய பேச்சு ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. முதற்பாகத்தில் ஜனனியாக நடித்த மதுமிதா இரண்டாம் பாகத்தில் இல்லை. அவ்வேடத்தைப் பார்வதி ஏற்றார். வருத்தமும் ஒப்பீடும் எழுந்தன. ஆனால் 2023இல் குணசேகரன் இன்றித் தொடர் உண்டா என எழுந்த கேள்வியின் வலுவோடு, ஜனனி இன்றித் தொடர் உண்டா என்னும் கேள்வி எழுந்ததாகச் சொல்ல இயலாது. பெண்களின் எதிர்நீச்சலைப் பெயராகக் கொண்ட தொடரில் மாற்ற இயலாத வேடமாக அமைந்தது அடக்குபவனின் வேடமே. குறை பார்வையாளருடையதன்று. உரையாடலின் கூர்மையையும் காட்சியின் மையத்தையும் குணசேகரனுக்கே வழங்கிப் பழக்கியது தொடரின் ஆக்கம்.

இப்பகுதியின் நாடகமேடை இதற்கு மாறானதொரு நெறியை அறியும். 'வள்ளி திருமண'த்தில் வள்ளியின் மணம் முருகனோடுதான் என்பது முன்பே முடிந்துபோன செய்தி. எனினும் மணம் கூடும் இறுதிக்காட்சியைவிட, தினைப்புனத்தில் அவள் நாரதரோடும் பின்னர் வேடனாய் வரும் முருகனோடும் தொடுக்கும் தர்க்கத்துக்காகவே கூட்டம் கண்விழித்திருக்கிறது. ஸ்திரீபார்ட் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லத் திணறும் ராஜபார்ட்டைக் கூட்டம் அங்கேயே கேலி செய்யும். மறு ஆண்டு நோட்டீசில் அவர் பெயர் இடம்பெறாமலும் போகலாம். அம்மேடையில் யார் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பதை ஆர்மோனியக்காரர் அறிவார். ஜனனி பேசத் தொடங்கும் காட்சிகளில் குணசேகரன் இடைமறிக்க எத்தனை நொடிகள் எடுத்துக்கொள்கிறார் என்பதை இரு பாகங்களிலும் கணக்கிட்டு ஒப்பிடும் ஆய்வு இனிமேல்தான் செய்யப்பட வேண்டும்.