மச்சாள் இல்லாத அட்டவணை

அம்மாவின் அண்ணன் மகளும் அம்மாவின் தங்கை மகளும் ஆங்கிலத்தில் ஒரே ஆள்தான்: கசின். தமிழில் முதலாமவள் மச்சாள், இரண்டாமவள் தங்கை. ஒருத்தியை மணக்கலாம், மற்றவளை மணப்பதைப் பற்றிப் பேசவே நாக்கூசும். ஜோசப் ஹென்ரிக் எழுதிய 'த வியர்டெஸ்ட் பீப்பிள் இன் த வேர்ல்ட்' (2020) என்ற கனத்த நூலை வாசித்து முடித்தபின் எனக்கு மிஞ்சிய கேள்விகள் பெரும்பாலும் இந்த இடத்தில் இருந்துதான் கிளம்பின.

ஹென்ரிக் ஹார்வர்டில் மனிதப் பரிணாம உயிரியல் பேராசிரியர். 2010இல் இரு உளவியலாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை உளவியல் துறையை உலுக்கியது. 'மனித மனம்' என்று அந்தத் துறை எழுதிவந்தது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லூரி மாணவர்களின் மனம்தான் என்று அது காட்டியது. முன்னணி ஆய்விதழ்களில் சோதிக்கப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். மேற்கத்திய, கல்விபெற்ற, தொழில்மயமான, செல்வமுள்ள, ஜனநாயக என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'வியர்ட்' வரும். விசித்திரமானவர் என்று பொருள். நம்மை விசித்திரமாகப் பார்த்தவர்களே விசித்திரம் ஆகிப்போனதில் ஒரு சின்னக் குதூகலம் எனக்கும் இருந்தது.

இவர்கள் எப்படி இப்படி ஆனார்கள் என்பது நூலின் கேள்வி. பதில் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. ரோமத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக உறவுத் திருமணத்தைத் தடுத்தது. இறந்த அண்ணனின் மனைவியை மணப்பதையும் பலதார மணத்தையும் விலக்கியது. 11ஆம் நூற்றாண்டளவில் மிகத் தூரத்து உறவுகள்வரை நீண்டிருந்த தடையை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம்தான் சுருக்கியது. குலங்கள் சிதறின. அந்நியரை நம்பவேண்டி வந்தது. தொழிற்குழுக்களும் நகர ஆட்சிகளும் பல்கலைக்கழகங்களும் அந்த இடத்தில் முளைத்தன. தனிமனித மனம் உருவானது. இந்த விளைவைத் திருச்சபை நினைத்துச் செய்யவில்லை என்கிறார் ஹென்ரிக். (வாரிசில்லாத சொத்து கோயிலுக்கு வரும் என்ற கணக்கை ஜாக் குடி 1983இலேயே எழுதிவிட்டார்.)

நூலின் பலம் அதன் உதாரணங்கள். நண்பன் ஓட்டும் காரில் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவன் வேகமாகப் போய் ஒருவரை மோதிவிடுகிறான். மெதுவாகத்தான் போனான் என்று நீதிமன்றத்தில் பொய் சொல்வீர்களா? கனடா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளின் முகாமையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டேன் என்றார்கள். நேபாளம், வெனிசுவேலா, தென்கொரியாவில் பெரும்பாலோர் சொல்வேன் என்றார்கள். இதை நேர்மைக்கேடு என்று முத்திரை குத்தாமல், அந்த நாடுகளில் நண்பனைக் கைவிடுகிறவன்தான் நம்பத்தகாதவன் என்று விளக்குவது ஹென்ரிக்கின் நல்ல குணம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு தகப்பனும் மகளும் இதைப் பேச எடுத்தால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும்.

ஆனால் உறவு உடைந்தபின்தான் சங்கம் பிறக்கும் என்ற வரிசை நமக்கு அவ்வளவு எளிதாக ஒட்டாது. புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கத்துக்கு யாப்பு, நிர்வாகசபை, கணக்கறிக்கை எல்லாம் உண்டு. உறுப்பினர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். சீட்டுப் பிடிக்கிறவர் கொப்பியில் கையெழுத்தும் வாங்குகிறார், யாருடைய மருமகன் என்றும் கேட்கிறார்.

இனி மச்சாளுக்கு வருவோம். 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ் உறவுச்சொற்களின் அமைப்பு அமெரிக்காவின் செனெக்கா மக்களுடையதை ஒத்திருப்பதைப் பெரிய கண்டுபிடிப்பாக முன்வைத்தார். பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த லூயி துய்மோன், இங்கே மணவுறவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்று 1950களில் வாதிட்டார். தோமஸ் ட்ரவுட்மனின் 'ட்ரவிடியன் கின்ஷிப்' 1981இல் வந்தது. இவர்கள் சுட்டுவது நம் வீட்டுப் பேச்சில் உள்ளதுதான். தாயின் சகோதரர் மாமா, மாமனாரும் மாமாதான். சகோதரியின் மகன் மருமகன். மகளின் கணவனும் மருமகன்தான். இரத்தம் இந்தப் பக்கம், சட்டம் அந்தப் பக்கம் என்ற ஆங்கிலக் கோடு இங்கே ஓடவில்லை. ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒருபுறம், மச்சான் மச்சாள் மறுபுறம் என்று கோடு வேறிடத்தில் ஓடுகிறது. அரபு வழக்கில் சித்தப்பா மகளை மணப்பது விரும்பத்தக்கது. குலம் தனக்குள்ளேயே மூடிக்கொள்ளும். நம்மிடம் அவள் தங்கை. நம் மணம் இன்னொரு வழியோடு கை கோத்தாக வேண்டும்.

ஹென்ரிக் களப்பணி செய்த மானிடவியலாளர். இந்த வேறுபாடு தெரியாதவர் அல்லர். ஆனால் அவரும் கூட்டாளிகளும் 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கசின் திருமணம், பலதாரம், கூட்டு வசிப்பு, குலவழி, உள்மணம் ஆகியவற்றைக் கூட்டி ஒரு சமூகத்தின் உறவிறுக்கத்தை ஒரே எண்ணாக்குகிறார்கள். அந்த எண்ணில் மச்சாள் காணாமற் போகிறாள். தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு வேறு பொருள்களை ஒரே நிரலில் கூட்டிவிட்டால், அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து எது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் இந்தியாவுக்குள் இருக்கிறது. வட இந்திய இந்துக்களிடையே சபிண்ட விதி, கோத்திர விதி, பல இடங்களில் ஊர்விட்டு ஊர் மணம். எந்த வகைக் கசினும் கூடாது. திருச்சபையின் தடைக்கு ஏறக்குறைய நிகர். தெற்கு நேர்மாறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுத் திருமணம். ஹென்ரிக்கின் தர்க்கப்படி வடக்கில்தான் குலப்பிடி தளர்ந்து தனிமனிதர் தலைதூக்கியிருக்க வேண்டும். டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் எழுதிய கட்டுரை வேறு கதை சொல்கிறது. அறியாத ஊரில், அறியாத வீட்டில் வாழப்போகும் வடக்கத்திப் பெண்ணைவிட, தெரிந்த மாமி வீட்டுக்கு மருமகளாகப் போகும் தெற்கத்திப் பெண்ணுக்குச் சுயாதீனம் கூடுதல். பிறப்பு வீதமும் குழந்தை இறப்பும் தெற்கில் குறைவு. தடை தனியாக வேலை செய்யாது, சாதிக்குள் மணம் இருக்கும்வரை குலம் உடையாது என்று ஹென்ரிக் தரப்பு பதில் சொல்லலாம். நியாயமான பதில்தான். அப்படியானால் கதையின் நாயகன் கசின் தடை அல்ல. சாதியைப் பற்றி இன்னொரு நூறு பக்கம் வேண்டும்.

அதே திருச்சபை நம்மிடமும் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தியா வந்தார். பிறகு மன்னாரும் யாழ்ப்பாணக் கரையும். ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆகியும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே மச்சாளை மணக்கும் வழக்கம் அழியவில்லை. திருச்சபைச் சட்டம் விலக்குகிறது. விசேட அனுமதி வாங்கிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் குலங்களைத் தகர்த்ததாகச் சொல்லப்படும் விதி இங்கே ஒரு விண்ணப்பமாகச் சுருங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஹென்ரிக் கையாளும் இத்தாலியத் தரவும் இதே மாதிரி அனுமதிகளின் பதிவுதான். கசின் திருமணம் மிகுந்த மாகாணங்களில் இரத்ததானம் குறைவு, காசோலையைவிடக் காசுக்கே மதிப்பு என்று அதிலிருந்து காட்டுகிறார். ஒரே விதி ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் சலுகையோடும் நடந்தது ஏன் என்பதற்கு நிலவுடைமையையும் அரசையும் துழாவ வேண்டும். நூல் அங்கே வேகமாகக் கடந்துபோகிறது.

இது நூலகச் சண்டையாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். நம்மவர் கணிசமாக வாழும் நோர்வே 2024இல் கசின் திருமணத்தைத் தடைசெய்யச் சட்டமியற்றியது. பிரித்தானியாவிலும் பேச்சு நடக்கிறது. மருத்துவக் காரணம் பொய்யல்ல. பிராட்ஃபோர்ட் நகரக் குழந்தைகளைப் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வு, பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு சுமார் 3 விழுக்காட்டிலிருந்து 6 ஆவதைக் காட்டியது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரபணுவோடு இன்னொரு குற்றச்சாட்டும் மெல்ல உள்ளே வருகிறது: உறவில் மணப்பவர்கள் அந்நியரை நம்பமாட்டார்கள், ஒட்டமாட்டார்கள் என்று. ஹென்ரிக் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை. அவருடைய எண்களை எடுத்துப்போகிறவர்கள் சொல்லக்கூடும்.

ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களையாவது இளையவர்கள் வாசிக்கவேண்டும். ஆங்கிலம் தெளிவானது, நகைச்சுவையும் உண்டு. வாசிக்கும்போது ட்ரவுட்மனின் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அம்மம்மாவிடம் கேட்கலாம்.