உழைச்செல்வார் இல்லாத குழந்தைகள்: இமையத்தின் இரு புதினங்களில் குடும்பச் சூழலும் குழந்தை நலமும்

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நான்காம் உறுப்பினரை வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்று குறிப்பிடுகிறார். தன் பசியையும் வலியையும் சொல்லத் தெரியாத இளங்குழந்தைக்கு ஏனைய மூன்றையும் கொண்டு சேர்ப்பவர் இவரே. உடம்பு சுடுவதை முதலில் உணர்பவரும், மருத்துவரிடம் தூக்கிச் செல்பவரும், மருந்தைப் புகட்டுபவரும் இவரே. எனவே குழந்தையின் நலம் பற்றிய ஆய்வு, உழைச்செல்வார் யார், அவருக்கு நேரமும் உணவும் உண்டா என்ற வினாவையும் எழுப்பியாக வேண்டும். இவ்வினாவை முன்வைத்து, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994), ‘செடல்’ (2006) ஆகிய இரு புதினங்களை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

நிலமும் நலத்திட்டங்களும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்த நல்லூர், வேப்பூர்ப் பகுதிச் சிற்றூர்களின் வாழ்வோ வேளாண்மையையும் கூலி வேலையையும் பெரிதும் சார்ந்தது. கடலூர் மாவட்டத்தில் 1964இல் பிறந்த இமையம், விருத்தாசலத்தில் வாழ்ந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். இவ்வட்டாரத்தின் பேச்சுமொழியே அவருடைய புனைவின் மொழி.

குழந்தை ஊட்டத்தில் தமிழக அரசு முன்னோடியாகச் செயல்பட்டுள்ளது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை சரிவரக் கூடாதவர்களுக்குத் துணையுணவு வழங்கியது. 1982இல் சத்துணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் எடை குறைந்தமையைக் காட்டும் தராசு, அது குறைந்ததன் காரணத்தைக் காட்டுவதில்லை. தாய்க்குக் குழந்தை வளர்ப்பு முறைகளைக் கற்பிப்பதும் அத்திட்டத்தின் முக்கியக் கூறாக இருந்தது. அறியாமை ஒரு காரணமே. ஆனால் அறிந்ததைச் செய்யும் வாய்ப்பு அத்தாய்க்கு உண்டா என்பது வேறு வினா. பிறந்து வளரும் சூழலும், வருவாயும், சமூகநிலையுமே நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆணையம் 2008இல் வலியுறுத்தியது. அப்பொதுக் கூற்றிற்கு உடலும் முகமும் தருவன இப்புதினங்கள்.

ஆரோக்கியத்தின் கைகள்

‘கோவேறு கழுதைகள்’ புதினத்தின் மையப் பாத்திரம், தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண். அவள் பெயர் ஆரோக்கியம். கிறித்தவக் குடும்பங்களில் இயல்பாக வழங்கும் இப்பெயர், கதைப்போக்கில் ஒரு முரணாக மாறுகின்றது. காலனியில் பிள்ளைப்பேறு பார்ப்பவள் அவள். பிறக்கும் குழந்தைகளை முதலில் ஏந்துவன அவள் கைகளே. அக்கைகளே இரவில் வீடுதோறும் சோறு வாங்கி வந்து தன் பிள்ளைகளுக்கு உணவளிக்கின்றன.

இங்குப் பசியின் காரணம் உணவுப் பற்றாக்குறை மட்டுமன்று. பிள்ளைகள் எப்போது உண்பார்கள், எதை உண்பார்கள், எவ்வளவு உண்பார்கள் என்பனவற்றை ஊரே முடிவுசெய்கின்றது. துணி வெளுத்தல், பேறு பார்த்தல், சாவுச் சடங்கு, களத்து வேலை என ஊர் அழைக்கும்போதெல்லாம் அவள் சென்றாக வேண்டும். அவளது உழைப்பிற்குக் கூலி வரையறுக்கப்படவில்லை. கொடுப்பவர் மனமே அளவு. களத்தில் பெறும் தானியம் சுருங்குவதையும், சலவையின் தேவை குறைவதையும் புதினம் படிப்படியாகக் காட்டுகின்றது. வருமானம் சரிந்தபோதும் கடமை சரியவில்லை. ஊர்க் குழந்தைகளுக்கு உழைச்செல்வாராக இருப்பவளைத் தன் குழந்தைகளுக்கு அவ்வாறு இருக்கவிடாமல் தடுப்பது இந்த ஏற்பாடே. தலித்துகளுக்குள் நிலவும் ஒடுக்குமுறையைக் காட்டியதற்காக இப்புதினம் பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அவ்வொடுக்குமுறை குழந்தையின் உணவுத்தட்டு வரை எட்டுவதையும் சேர்த்துப் படித்தால், அவ்விவாதத்தின் பொருள் மேலும் விரியும்.

ஊரின் பிள்ளை

‘செடல்’ புதினத்தில் மழை பொய்க்கின்றது. ஊர் கூடி, ஒரு சிறுமியைத் தெய்வத்திற்குப் பொட்டுக்கட்டி விட முடிவுசெய்கின்றது. மறுக்கும் வலிமை பெற்றோருக்கு இல்லை. பின்னர்ப் பஞ்சம் பிழைக்க அக்குடும்பம் இலங்கைக்குச் செல்கின்றது. செடல் மட்டும் ஊரில் விடப்படுகிறாள். தெய்வத்திற்கு உரியவள் ஆகிவிட்டதால் பெற்றோருடன் செல்லும் உரிமையும் அவளுக்கு இல்லை. பெற்றோரின் அன்பில் குறையில்லை. அந்த அன்பைச் செயலாக்கும் உரிமையே பறிக்கப்பட்டது.

எல்லாருக்கும் பொதுவான பிள்ளை என்பது நடைமுறையில் எவர்க்கும் உரியதல்லாத பிள்ளை என்றாகிவிடுகின்றது. சடங்கின் பயனை ஊர் முழுதும் எதிர்பார்க்கின்றது. பேணும் பொறுப்போ எவர் மீதும் உறுதியாக நிற்பதில்லை. பொட்டுக்கட்டுதலை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. எனினும் நெருக்கடியில் பெண் குழந்தையையே இழக்கத்தக்கதாகக் கருதும் மனப்பாங்கு சட்டத்தால் மட்டும் மறைவதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடலூர் மாவட்டத்தில் 6 வயதிற்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 896 பெண் குழந்தைகளே இருந்தனர். செடலின் கதையும் இந்த எண்ணும் ஒன்றல்ல. ஆயினும் பெண் குழந்தையின் இருப்பைப் பிறர் தீர்மானிக்கும் நிலை இரண்டிற்கும் பொது.

மதிப்பீடு

இரு புதினங்களும் குழந்தையை ஒரே முறையில் அணுகவில்லை. முன்னதில் பிள்ளைகளின் பசி பெரும்பாலும் ஆரோக்கியத்தின் புலம்பல் வழியாகவே வாசகரை அடைகின்றது. தாயின் துயரம் அடர்த்தியாக ஒலிக்கும் அளவிற்குப் பிள்ளைகளின் அகவுலகம் மங்கிவிடுகின்றது. இது அப்புதினத்தின் குறை எனலாம். ‘செடல்’ தன் தொடக்கப் பகுதியில், அச்சமும் தனிமையும் கொண்ட சிறுமியின் அருகிலேயே நிற்கின்றது. பேணுவாரின்மை குழந்தையின் மனத்தில் நிகழ்த்துவதை அறிய இதுவே மேலான சான்று.

முடிவுரை

வள்ளுவரின் ‘உழைச்செல்வான்’ இலக்கணத்தில் ஆண்பாற் சொல். நடைமுறையிலோ அப்பணி பெண்ணின் தோளிலேயே ஏற்றப்பட்டுள்ளது. அவள் நேரத்தைக் கூலியோ வழக்கமோ பறித்துக்கொள்ளும்போது குழந்தையின் நலம் சிதைகின்றது என்பதை இப்புதினங்கள் உணர்த்துகின்றன. அவளுக்கு அறிவுரை கூறுவதால் மட்டும் அந்த நேரம் மீளாது. 2005ஆம் ஆண்டு மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு வழியைக் காட்டியது. வேலையிடத்தில் 6 வயதிற்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி வழங்க அது வகைசெய்தது. குழந்தையைப் பேணுதலும் கூலிக்குரிய உழைப்பே என்ற ஏற்பு இவ்விதியில் உள்ளது. ஆரோக்கியத்திற்கு ஊர் ஒருபோதும் வழங்காதது அந்த ஏற்பையே.