வென்றார் சொல்லும் தோற்றார் சொல்லும்

நக்கவாரம் என்னும் பெயரைத் தமிழ்க் கல்வெட்டில் காணுந்தோறும், இத்தீவுகளில் குடியேறி வாழும் நமக்கு நெஞ்சு நிமிர்கின்றது. கி.பி. 1025-இல் முதலாம் இராசேந்திரன் கடற்படை செலுத்திய செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட அவனது மெய்க்கீர்த்தி கூறும். ஸ்ரீவிசயம் முதலாக அடுக்கப்படும் பெயர்களுள், கடாரத்திற்கு முன்னதாக மாநக்கவாரம் நிற்கின்றது. இப்பகுதியை வரலாற்றுச் சான்றாகவே பலரும் படிப்பர். இலக்கியமாகப் படித்தால் புலப்படுவது யாது?

பெயர்கள் அடைமொழி பெற்று வருகின்றன. மாநக்கவாரம் பெற்றது சோலைவளம் பற்றிய அடை. கடாரத்து வேந்தன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பெயர் உண்டு. அவன் யானைகளும் பெருஞ்செல்வமும் உண்டு. சோலை நிழலில் வாழ்ந்த மக்கள் இல்லை. வெற்றியைப் பாடிய புலவர், அதன்பின் அங்கு ஆட்சி எவ்வாறு நடந்தது என்பதையும் பாடவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் தன் செயல்களைத் தானே எழுதினான். அங்காராவில் ஒரு கோயிற்சுவரில் அவ்வெழுத்து இன்றும் உள்ளது. அங்கும் வென்ற நாடுகள் பட்டியலாகவே வருகின்றன. வர்ஜிலோ தம் ஈனியட் காப்பியத்தில், பிற மக்களை ஆள்வதையே உரோமரின் தனிக்கலையாக்கினார்.

ஆயின், கி.பி. 98-ஐ ஒட்டி டாசிட்டஸ் வேறொன்று செய்தார். பிரித்தானியாவை ஆண்ட தம் மாமனார் அக்ரிகோலாவைப் போற்றி எழுதிய நூலிலேயே, எதிர்த்து நின்ற கால்ககஸ் என்னும் தலைவனைப் பேசவிட்டார். அவன் உரோமரின் பேராசையைக் கடுமையாகச் சாடுகின்றான். இது பெருந்தன்மையே. எனினும் கால்ககஸ் பேசுவது இலத்தீன். அவ்வுரையை அமைத்தவர் உரோமர். கோப்பு எழுதிப் பழகிய எனக்கு இது புதிதன்று. மனுதாரரின் குறையைக்கூட எழுத்தர் தம் நடையில்தான் எழுதுவார்.

நம் புறநானூற்றின் 112-ஆம் பாடல் இதனினும் ஒருபடி மேலானது. மூவேந்தரால் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் பாடியதாக அது வழங்குகின்றது. அவ்வேந்தர் மரபினரைப் போற்றும் பாடல்களோடு ஒரே தொகையில் அதற்கும் இடம் தந்தனர் நம் முன்னோர். தோற்றார் துயரையும் செல்வமெனக் காத்த அம்மொழியே, பிற்காலத்தில் மெய்க்கீர்த்தி என்னும் புகழ்வகையில் அக்குரலுக்கு இடமின்றிப் போயிற்று.

மெய்க்கீர்த்தியின் சொல்லடுக்கை வியப்பதில் தவறில்லை. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, 112-ஆம் பாடலையும் உடன் கற்பிப்போம். நிக்கோபாரியரும் ஷோம்பென் மக்களும் இன்றும் தம் மொழிகளோடு வாழும் தீவுகள் இவை. மாநக்கவாரம் கொண்ட பெருமையை அவர்கள் செவிபடப் பேசுமுன், அவர்தம் கதைகளையும் பாடல்களையும் கேட்டறிதல் தமிழர்க்கு அழகாகும்.