இறவாணத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

கூரையின் தரத்தை முகட்டில் பார்க்கிறவர்கள் உண்டு. மோட்டுவளைமேல் ஓலை எப்படி மடங்கிப் படுத்திருக்கிறது, சாரல் உள்ளே நுழையுமா என்பதே அவர்கள் பேச்சு. நியாயம்தான், முகடு ஒழுகினால் வீடே ஒழுகும். ஆனாலும் ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்புக் காவல் குடிசைகளையும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகிற வழியில் இருந்த பனையோலை வீடுகளையும் பார்த்து வளர்ந்த நான், கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்தின் கட்சி. முகட்டில் செய்த தப்பை அடுத்த மழை காட்டிக்கொடுக்கும், திருத்திக்கொள்ளலாம். இறவாணம் அப்படியல்ல. கைப்பக்குவம் இல்லாதவர் வேய்ந்த கூரை ஒழுகாமல்கூட இருக்கலாம், அதன் இறவாணம் மட்டும் அழகாக வராது.

மழை விட்டதும் கூரையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். சொட்டு விழுந்து பறித்த குழிகள் சுவருக்கு இணையாக, மூலைக்கு மூலை ஒரே வரிசையில் ஓடினால் அது தேர்ந்தவர் வேலை. வரிசை உள்ளே வாங்கியிருந்தால் அந்த இடத்தில் மண்சுவர் நனைந்திருக்கும். பிறகு ஆடிக் காற்றில் வந்து நில்லுங்கள். ஓலை நுனிகள் லேசாகச் சலசலக்கலாம். அடிவரிசை எழும்பி அடங்கினால், வேய்ந்தவர் ஓலையில் கஞ்சத்தனம் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அடிவரிசை இரட்டையாகத்தான் போக வேண்டும்.

மம்சாபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நான் கூரையைப் பற்றிப் பேச முடியாது. அகலமான, முற்றிய, கிழிசல் இல்லாத ஓலைகளை எல்லோரும் முகட்டுக்கு என்று எடுத்து வைப்பார்கள். அவர் அவற்றை இறவாணத்துக்கு ஒதுக்குவார். கல் ஏற்றி மட்டமாக்கிய ஓலைக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முடிக்கும்வரை ஏணியைத் தொடமாட்டார். வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஊறவைத்த பனைநாரால் வரிச்சோடு சேர்த்து அவர் போடும் கட்டு, நார் காயக் காய இறுகும். அதெல்லாம் பிறரும் செய்ததுதான். அவர் மட்டும் செய்தது வேறு: வேலை முடிந்த அன்று இறவாணத்தை அவர் வெட்டுவதில்லை. நுனிகள் ஏற்றமும் இறக்கமுமாகத் தொங்க, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் மழை பெய்து ஓய்ந்ததும் அரிவாளோடு தானாக வந்து நிற்பார். "ஓலை படியணும் தம்பி. படியாத ஓலைய வெட்டுனா ரெண்டாம் மழையில கோணிப்போகும்" என்பார். நூல் பிடித்தும் பார்த்ததில்லை. எட்டி நின்று ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார், வந்து இரண்டு நுனியைத் தட்டுவார், மறுபடி எட்டிப்போவார். அந்த இரண்டாம் வருகைக்குத் தனிக் கூலி கிடையாது.

ஜப்பானில் கிஃபு மாகாணத்து ஷிராகவா-கோவைச் சுற்றிவந்த நண்பர்கள் படங்களைக் காட்டி, நம்மிடம் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்கிறார்கள். ஓகிமாச்சி கிராமத்தின் அந்தப் புல்வீடுகள் பெரிய வேலை, மறுக்கவில்லை. 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பனி வழுக்கி விழவேண்டும் என்று கிட்டத்தட்ட 60 பாகைச் சரிவு, அதற்கடியில் பட்டுப்புழு வளர்த்த பரண்கள். கூரைச் சட்டத்தில் ஆணி இல்லை, வைக்கோல் கயிறும் பச்சைக் கொம்புமாகக் கட்டியது. அந்தக் கொம்பும் காயும்போது இறுகுகிறது, நம் பனைநாரைப் போலவே. ஆனால் என் கண் அங்கும் இறவாணத்துக்குத்தான் போகிறது. தடித்த புல் அடுக்கைச் சீராக நறுக்கி, வெட்டுமுகத்தைக் காட்டுகிறார்கள். கம்பீரம் உண்டு. நம்முடையது மெல்லியது. விசிறி மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மடிப்புக்கு ஒரு தாரையாக நீரைப் பிரித்து இறக்கும் நயம் அந்தத் தடிப்பில் வராது.

நீலகிரித் தோடர்களின் வளைகூரையைச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுடைய கோயில் கூரைகளுக்கு முன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். வத்திராயிருப்புப் பக்கத்துத் தென்னங்கீற்று ரசிகர்களோடுதான் வம்பு. முடைந்த கீற்றின் பின்னல் அழகு என்பார்கள். அது முடைந்த பெண்களின் கைக்குச் சேரவேண்டிய பெயர், வேய்ந்தவருடையதல்ல. போதாததற்குக் கீற்று ஓரிரு வருஷத்தில் மக்கிவிடும், பனையோலை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும். பந்தலுக்குக் கீற்று, வீட்டுக்குப் பனை. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

தாங்கும் என்றது அடுப்புப்புகை இருந்த காலத்துக் கணக்கு. புகை ஏறிக் கருத்த ஓலையைப் பூச்சி அண்டாது. ஷிராகவாவிலும் வீட்டு நடுவே கணப்பு எரிய, அந்தப் புகையும் சேர்ந்துதான் 30, 40 ஆண்டு கூரையைக் காத்தது. இங்கே எரிவாயு வந்தது, பெண்களின் கண்ணும் நெஞ்சும் தப்பித்தன. நல்லது. கூரையின் ஆயுசு மட்டும் குறைந்தது.

ஓலைக்கூரைக்காக வாதாடும்போது கும்பகோணத்தை மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதன்பின் பள்ளிக்கூடத்தில் கீற்று கூடாது என்றதை எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு மனம் வராது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்று கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு தருகிறார்கள். ஒழுகும் குடிசையில் பிள்ளை பெற்றவர்களிடம் போய்க் கூரையின் அழகைப் பேச எவருக்கும் உரிமை இல்லை. என் ஆதங்கம் வேறு. வீடு மாறியதோடு வேய்கிறவரின் கையையும் ஏன் கைவிட்டோம்? ஷிராகவாவில் நெருப்புக்குப் பயந்து கூரையைக் கைவிடவில்லை, ஊர் முழுக்க நீர்ப்பீச்சிகளைப் பதித்து ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரு வீடு மாற்றி வேய நூறுபேருக்கு மேல் கூடுகிறார்கள். அந்தக் கூட்டுழைப்புக்கு 'யுய்' என்று பெயர். நம் ஊரிலும் ஓலை எடுத்துக்கொடுக்க அக்கம்பக்கம் வந்தது, மதியச் சோறு வீட்டுக்காரர் பொறுப்பு.

இன்று மலையடிவாரத்தில் 'குடில்' என்று விளம்பரம் செய்யும் தங்கும் விடுதிகளில் பிளாஸ்டிக் ஓலை வேய்கிறார்கள். அதன் இறவாணம் இயந்திரம் வெட்டிய நேர்கோடு, மழைநீர் தாரை பிரியாமல் கொட்டுகிறது. அந்தப் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கும் பணத்தில் உண்மையான ஓலையை இரண்டு தடவை மாற்றி வேயலாம் என்பேன். பனை மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பது சரி, மரத்தில் ஏறி ஓலை இறக்கவும் இறக்கியதை வேயவும் ஆள் வேண்டாமா? செண்பகத்தோப்பில் வனத்துறை போடுகிற நிழற்குடைகளில் ஒன்றிரண்டையாவது நெருப்பிலிருந்து தள்ளி, பனையோலையால் வேயச் சொல்லலாம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் சந்நிதித் தெருவில் தகரத்துக்குப் பதில் கீற்றுப்பந்தல் கேட்கலாம். கீற்று என்றாலும் பரவாயில்லை, பந்தலுக்கு அதுதான் பொருத்தம் என்று முன்பே சொல்லிவிட்டேன். வேய்கிறவருக்குக் கொத்தனார் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள், முதல் மழைக்குப் பிறகு வெட்ட வருகிற நாளுக்கும் சேர்த்து.