எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

எரோல் மோரிஸின் 'தி ஃபாக் ஆஃப் வார்' (2003) படத்தில் ராபர்ட் மக்னமாரா நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். கேள்வி கேட்பவரின் முகம் லென்ஸ் மேலேயே தெரிகிற மாதிரி மோரிஸ் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார். அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்புச் செயலருக்கு அப்போது 85 வயது. பேச்சில் தடுமாற்றமே இல்லை. படத்தைப் பதினோரு 'பாடங்க'ளாகப் பிரித்திருப்பது மேலாண்மைப் புத்தகம் மாதிரி இருக்கு, அதை விட்டுடலாம்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது டோக்கியோ பகுதியை. 1945 மார்ச்சில் ஒரே இரவில் ஒரு லட்சம் பேரை எரித்தோம் என்கிறார். அன்று அவர் ஜெனரல் கர்டிஸ் லெமேயின் கீழ், குண்டுவீச்சின் செயல்திறனைக் கணக்குப் போட்டவர். விமானத்திலிருந்து குண்டுகளுக்குப் பதில் எண்கள் விழுகின்றன. மோரிஸின் அபாரமான காட்சி. தோற்றிருந்தால் நம்மைப் போர்க்குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமே சொன்னதை நினைவுகூர்ந்து, அது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறார். சரி, அதில் இவர் பங்கு? அதைப் பரிந்துரைத்த இயந்திர அமைப்பில் 'ஒரு வகையில்' தானும் ஒரு பகுதி என்கிறார்.

இந்த மொழி எங்கள் துறைக்காரங்களுக்குப் பழக்கமானதுதான். சர்வர் விழுந்தால் எழுதும் அறிக்கையில் 'மாற்றம் செய்யப்பட்டது', 'தரவு அழிக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். யார் செய்தது என்று இருக்காது.

ஆனாலும் டோக்கியோவைப் பற்றி அவரால் இவ்வளவாவது பேச முடிகிறது, ஏனென்றால் அங்கே முடிவெடுத்தவர் வேறொருவர். 1961 முதல் 1968 வரை அவரே செயலராக இருந்த காலத்தின் வியட்நாம் வந்ததும் வாக்கியங்கள் இறுகுகின்றன. பொறுப்பு ஜனாதிபதியுடையது என்கிறார். ஏஜென்ட் ஆரஞ்சுக்கு அனுமதி கொடுத்தது நினைவில்லையாம். தன் காலத்தில்தான் 'நடந்தது' என்கிறார். இங்கே மோரிஸ் இன்னும் நெருக்கியிருக்கணும். பதவி விலகிய பிறகு ஏன் போரை எதிர்த்துப் பேசவில்லை என்று கடைசியில் கேட்கிறார். பதில் சொல்ல மறுத்துவிடுகிறார்.

என் பெரிய குறை வேறு. 1995ல் ஹனோயில் வியட்நாமின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் அவரிடம் சண்டைக்கே வந்துவிடுகிறார்: நீங்கள் வரலாறே படித்ததில்லையா, ஆயிரம் வருஷமாகச் சீனாவோடு போராடியவர்கள் நாங்கள், உங்களோடு போராடியதும் சுதந்திரத்துக்காகத்தான் என்று. படத்தின் ஆகக் கூர்மையான எதிர்க்குரல் அது. அதையும் மக்னமாராவே சொல்லித்தான் கேட்கிறோம். படத்தில் பேட்டி அவரிடம் மட்டும்தான்.